கொசுவலை, மாத்திரை, தடுப்பூசி எல்லாம் இருந்தும் மலேரியா ஏன் ஒழிய மாட்டேன் என்கிறது?

கதிரொளி:

பொது சுகாதாரம் படித்துக்கொண்டிருக்கிறேன். துறைக்குப் புதுசு, கேள்வி அரைகுறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவைக் கடத்துவது கொசுதான் என்பது 1897-லேயே தெரிந்துபோன விஷயம். ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைப் பார்த்து 125 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று கொசுவலை இருக்கிறது, சுவரில் அடிக்கிற மருந்து இருக்கிறது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கால் மணி நேரத்தில் சொல்லிவிடுகிற கிட் இருக்கிறது, மூன்றே நாளில் முடிந்துவிடுகிற மாத்திரை இருக்கிறது, போதாததற்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. இதில் எதுவும் ஏழை நாடுகளுக்கு எட்டவே எட்டாத தொழில்நுட்பம் இல்லை.

அப்படியும் 2023-இல் மட்டும் உலகம் முழுக்க 26 கோடிக்கும் மேற்பட்ட மலேரியாக் காய்ச்சல்கள், கிட்டத்தட்ட 6 லட்சம் சாவுகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் 5 வயதுகூட நிரம்பாத குழந்தைகள். 2000-க்குப் பிறகு வேகமாகக் குறைந்துகொண்டே வந்த எண்ணிக்கை 2015 வாக்கில் அப்படியே நின்றுவிட்டது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. பாடப்புத்தகத்தைத் திறந்தால் "வறுமை, விழிப்புணர்வின்மை, தட்பவெப்பநிலை" என்று மூன்று சொற்களில் முடித்துவிடுகிறார்கள். இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது, எது எங்கே இடிக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

புகைவண்டு:

முதலில் அந்த "விழிப்புணர்வின்மை"யை அடித்துவிடுங்கள். மலேரியா அதிகம் உள்ள இடத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றி நீங்களும் நானும் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்தவன் என்கிற முறையில் கொசு பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறேன், மருந்துப் பக்கத்தை வேறு யாராவது எழுதட்டும்.

மலேரியாக் கட்டுப்பாட்டில் பெரிய ரகசியம் கொசுவின் ஆயுளில்தான் இருக்கிறது. நோயாளியைக் கடித்த கொசு உடனே ஆபத்தானதாக ஆகிவிடாது. ஒட்டுண்ணி அதன் குடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும், அது வெப்பநிலையைப் பொறுத்தது. அதுவரை அந்தக் கொசு உயிரோடு இருந்தால்தான் அடுத்தவருக்குக் கடத்தும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 90 கொசு பிழைக்கிறது என்றால் 12 நாள் கழித்து 28 மிஞ்சும். மருந்தடித்து அந்த 90-ஐ 80 ஆக்கிவிட்டால் மிஞ்சுவது 7 தான். கொசு எல்லாவற்றையும் கொல்லவே வேண்டாம், கிழடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மலேரியாவைக் கடத்துகிற கொசு இனம் அனாஃபிலிஸ்; வயிறு முட்ட ரத்தம் குடித்த அது பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும், அந்தச் சுவரில் மருந்து இருக்க வேண்டும். வீட்டுக்குள் மருந்து அடிப்பதும், மருந்து தோய்த்த கொசுவலையும் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கின்றன. தெருவில் புகையடித்துக்கொண்டு போவது பார்க்க நன்றாக இருக்கும், மலேரியாவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

சரி, இடிப்பது எங்கே? மருந்தடிக்கும் குழு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் உள்ள எல்லாச் சாமானையும் வெளியே எடுக்க வேண்டும். தானியம், பாத்திரம், குழந்தையின் துணி, படுத்திருக்கிற கிழவி, எல்லாம். அந்த நேரம் வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண், மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அடித்து முடித்தபின் சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு, ஒரு வாடை. முன்பெல்லாம் அடித்ததும் மூட்டைப்பூச்சியும் கரப்பானும் செத்து விழும், அதற்காகவே வரவேற்பார்கள். மூட்டைப்பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வந்ததும் "உங்கள் மருந்து தண்ணீர்தானே, மூட்டைப்பூச்சிகூடச் சாகவில்லை" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஆதாரம் அது, எப்படிக் குறை சொல்வது? அடித்த ஒரு மாதத்தில் சுவரை மண் பூசி மெழுகிவிட்டால் மருந்து மண்ணுக்கு அடியில் போய்விடும். பத்து வீட்டில் நாலு வீடு பூட்டிக்கிடந்தால் அந்த ஆறு வீட்டுக்கு அடித்ததும் பாதி வீண். அப்புறம், மழைக்கு முன்பே அடித்து முடிக்க வேண்டும், மருந்து வந்து சேருவதோ மழை பாதி முடிந்த பிறகு.

வலையும் அப்படித்தான். மூன்று வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். ஒரே அறை, தரையில் பாய், விறகடுப்பு, வலையை இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள். இரண்டாம் வருடமே கை நுழைகிற ஓட்டை. வெயிலில் காயப்போட்டால் மருந்து சீக்கிரம் போய்விடும், ஆனால் துவைத்த துணியை எல்லோரும் வெயிலில்தானே காயப்போடுவார்கள். ஐந்து பேர் வீட்டில் இரண்டு வலை, யார் அதற்குள் படுப்பது என்பது இன்னொரு கதை. வெக்கை தாங்காமல் வெளியே படுக்கிறவர்களுக்கு வலை கட்ட இடமே கிடையாது.

கொசுவும் சும்மா இருக்கவில்லை. ரொம்ப காலம் எல்லா வலையிலும் பைரித்ராய்டு என்கிற ஒரே குடும்பத்து மருந்துதான். வயலிலும் அதே குடும்பத்து மருந்தை அடித்தார்கள். கொசுப் புழு வளர்கிற தண்ணீரில் அது கலந்து, பிறக்கும்போதே கொசு அதற்குப் பழகிவிட்டது. இப்போது இரண்டு மருந்து சேர்த்த வலைகள் வந்திருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன, விலைதான் கூடுதல். அதே பணத்துக்குக் குறைந்த வலைதான் வாங்க முடியும். குறைந்த பேருக்கு நல்ல வலையா, நிறையப் பேருக்கு சுமாரான வலையா என்று எங்கோ ஓர் அறையில் யாரோ முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நேர்கோடு:

இவ்வளவு நீட்டி முழக்க வேண்டாம். டிடிடி என்கிற பூச்சிமருந்தைத் தடை செய்தார்கள், மலேரியா திரும்ப வந்தது. பணக்கார நாடுகள் தங்கள் ஊரில் அதே மருந்தால் ஒழித்துவிட்டு, பறவை சாகிறது என்று மற்றவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டன. அவ்வளவுதான் கதை.

புகைவண்டு:

நேர்கோடு சார், இந்த வாதம் வருடத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது 1955. அதைக் கைவிட்டது 1969. அமெரிக்கா டிடிடி-யைத் தடை செய்தது 1972. தடைக்கு முன்பே திட்டம் படுத்துவிட்டது. எதிர்ப்புத்திறன் கொண்ட அனாஃபிலிஸ் 1950-களின் தொடக்கத்திலேயே கிரீஸில் தென்பட்டுவிட்டது, கொசு முந்திக்கொள்வதற்குள் ஒழித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில்தான் 1955 திட்டமே பிறந்தது. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த டிடிடி அடிப்பதை 2001-இன் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமும் தடை செய்யவில்லை, அதற்கென்று விலக்கு வைத்திருக்கிறது. விவசாயத்தில் கண்டபடி கொட்டியதுதான் தவறு. அப்படிக் கொட்டாமல் இருந்திருந்தால் அந்த மருந்து இன்னும் கொஞ்ச காலம் வேலை செய்திருக்கும், அந்த அளவுக்கு உங்கள் கோபம் நியாயம்தான்.

நேர்கோடு:

1969 தேதி எனக்குத் தெரியாது, சரி. ஆனாலும் உதவி கொடுக்கிற நாடுகள் பின்னாளில் டிடிடி-க்குப் பணம் தரத் தயங்கின என்பதும் உண்மைதானே.

புகைவண்டு:

தயங்கின, உண்மை. 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லவேண்டி வந்தது, வீட்டுக்குள் அடிக்கலாம் என்று.

ஜீம்சா:

ஆய்வகத்தில் உட்காருகிறவர்கள் பக்கம் யாரும் வருவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். :)

யாருக்கு மலேரியா இருக்கிறது என்று தெரிந்தால்தானே கட்டுப்படுத்துவது! ஒரு ஸ்லைடு பார்ப்பது என்றால் என்ன என்று கதிரொளி தம்பி ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தடித்த ரத்தப் பூச்சு போட்டு, நன்றாகக் காயவைத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய்விட்டுப் பெரிய லென்ஸில் குறைந்தது நூறு இடத்தை வரிசையாகப் பார்த்த பிறகுதான் "இல்லை" என்று எழுத வேண்டும். சாயத்துக்குச் சேர்க்கிற தண்ணீரின் காரத்தன்மை சற்று மாறினாலும் நிறம் கெட்டுவிடும், வடிகட்டாத சாயத்தின் துகள் ஒட்டுண்ணி மாதிரியே கண்ணை ஏமாற்றும். ஒழுங்காகச் செய்தால் ஒரு நாளைக்கு ஒருவர் பார்க்கக்கூடிய ஸ்லைடுகளுக்கு ஓர் எல்லை உண்டு. மழைக்காலத்தில் வந்து குவிவது அதைப் போலப் பல மடங்கு. மின்சாரம் போகும், பல்பு போகும், மாற்று பல்பு வர மாதக்கணக்காகும். கடைசியில் நூறு இடம் பார்க்க வேண்டியவர் இருபதைப் பார்த்துவிட்டு "இல்லை" போடுகிறார். முடிவு கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது நோயாளி வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பார்.

இதற்கு மாற்றாகத்தான் ரேபிட் கிட் வந்தது. வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான கிட்கள் ஃபால்சிபாரம் என்கிற, ஆளைக் கொல்கிற வகை மலேரியா ஒட்டுண்ணி வெளியிடுகிற ஹெச்ஆர்பி2 என்ற ஒரே புரதத்தைத்தான் தேடுகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெருகிவிட்டால் கிட் கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி. எரித்ரியாவில் அதுதான் நடந்தது, அவர்கள் கிட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. யோசித்துப் பார்த்தால் வேடிக்கை: கிட் காட்டிக்கொடுத்த ஒட்டுண்ணிகளை எல்லாம் மருந்து கொன்றுவிட்டது, காட்டிக்கொடுக்காதவை மட்டும் பிழைத்துப் பெருகின. நாமே பொறுக்கி வளர்த்தது. மறுபக்கம், நோய் குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் அந்தப் புரதம் ரத்தத்தில் கிடந்து "இருக்கிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி, காய்ச்சலே இல்லாதவர்கள். வருடக்கணக்கில் மலேரியாவோடு வாழ்கிற பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். உடம்பில் ஒட்டுண்ணி இருக்கும், ஆனால் நன்றாக நடமாடுவார்கள், வயலுக்குப் போவார்கள், மருத்துவமனைப் பக்கம் வரவே மாட்டார்கள். கொசுவுக்கு அவர்களும் ஒன்றுதான், குளிர்நடுக்கத்தில் கிடப்பவரும் ஒன்றுதான். காய்ச்சல் வந்தவருக்கு மட்டும் சோதனை என்று உட்கார்ந்திருந்தால் பாதியைத்தான் பிடிக்கிறோம். ஒடிசாவில் 2017-இல் "தமன்" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், எட்டாத மலைக்கிராமங்களுக்கு முகாமோடு போய், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ எல்லோரையும் சோதிப்பது, இருந்தால் அங்கேயே மருந்து, கூடவே வலை. 2016-இல் 4 லட்சத்தைத் தாண்டியிருந்த அந்த மாநிலத்தின் எண்ணிக்கை 2018-இல் 1 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. முடியாத காரியம் இல்லை. ஆனால் மலை ஏறிப் போக வேண்டும், ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதாது.

பழைய டிஸ்பென்சர்:

ஜீம்சா அக்கா சொன்னதை அப்படியே தொடர்கிறேன், சோதனை முடிந்து மருந்து கைக்கு வந்தபின் நடப்பது.

ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டுமருந்து, மூன்று நாள். முதல் இரண்டு வேளையிலேயே காய்ச்சல் இறங்கத் தொடங்கும், அவ்வளவு வேகமான மருந்து. வினையே அங்கேதான். உடம்பு லேசானதும் மிச்ச மாத்திரையை மடித்து எடுத்துவைத்துவிடுவார்கள், அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உதவும் என்று. கையில் காசில்லாத வீட்டில் அது பொறுப்பில்லாத்தனம் இல்லை, சிக்கனம். மருந்துக்கடையில் முழு கோர்ஸ் கேட்பவரைவிட "இரண்டு வேளைக்கு மட்டும் கொடுங்கள்" என்று கேட்பவர்தான் அதிகம். பல நாடுகளில் காய்ச்சல்காரர் முதலில் போய் நிற்பதே அரசு மருத்துவமனைக்கு இல்லை, கடைக்குத்தான். அங்கே சோதனை கிடையாது, சில சமயம் மருந்தே போலி. போலியில் மருந்து துளியும் இல்லாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. கொஞ்சமாக இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து, ஏனென்றால் ஒட்டுண்ணிக்குப் பயிற்சி கொடுப்பது அந்தக் கொஞ்சம்தான்.

குளோரோகுயின் என்கிற பழைய மலேரியா மருந்தை அப்படித்தான் இழந்தோம். 1950-களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் தென் அமெரிக்காவிலும் தொடங்கிய எதிர்ப்பு, 1970-களின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டியது, அதற்கப்புறம் குழந்தைகள் சாவு ஏறியது. ஆர்ட்டிமிசினினுக்கும் அதே கம்போடியாப் பக்கத்தில்தான் 2008 வாக்கில் முதல் அறிகுறி. இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்ரியாவிலும் எதிர்ப்பு தெரிகிறது, அது வெளியிலிருந்து வந்தது இல்லை, அங்கேயே முளைத்தது. எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த ஒன்றுதான். வலை கிழிந்தால் வேறு வாங்கலாம், இந்த மருந்து போனால் வரிசையில் அடுத்து நிற்பவை மிகக் குறைவு.

ஒரே ஒரு நல்ல செய்தி: மலாவி 1993-இல் குளோரோகுயினை அடியோடு நிறுத்தியது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அங்கிருந்த ஒட்டுண்ணி மறுபடி குளோரோகுயினுக்கு அடங்கியது. ஒட்டுண்ணிக்கும் எதிர்ப்புத்திறன் ஒரு சுமைதான் போல.

வைவாக்ஸ் என்கிற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணி தனிக் கதை. அது கல்லீரலில் போய்ப் பதுங்கிக்கொண்டு வாரங்கள், மாதங்கள் கழித்து மறுபடி கிளம்பும். கொசு கடிக்காமலே திரும்ப வருகிற மலேரியா. பதுங்கியதைக் கொல்ல பிரைமாகுயின் வேண்டும், வழக்கமாக 14 நாள். மூன்றாம் நாளே எழுந்து வேலைக்குப் போய்விட்டவரை மீதி பதினோரு நாள் மாத்திரை விழுங்கவைப்பது யாரால் முடியும்? போதாததற்கு, ஜி6பிடி நொதி குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மலேரியா ஆண்டாண்டுகாலமாக இருந்த பகுதிகளில்தான் அந்தக் குறைபாடும் அதிகம். சோதித்துவிட்டுக் கொடுக்க வேண்டும், சோதனை வசதி பெரும்பாலான சிறு நிலையங்களில் இல்லை, அதனால் பயந்துகொண்டு கொடுக்காமலே விடுகிறவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஒரே வேளையில் முடிகிற டஃபெனோகுயின் வந்திருக்கிறது, ஆனால் அதைக் கொடுக்க இன்னும் துல்லியமான ஜி6பிடி சோதனை வேண்டும். ஒரு கதவு திறந்தால் அதற்குள் இன்னொரு பூட்டு.

கதிரொளி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கொசு ஆயுள் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், 28-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் பிரமாதம்.

இரண்டு கேள்வி. ஒன்று, தடுப்பூசி வந்துவிட்டதே, அது இதையெல்லாம் தாண்டிவிடாதா? இரண்டு, 2015-க்குப் பிறகு ஏன் நின்றது என்பதற்கு நேரடியாக யாரும் பதில் சொல்லவில்லை.

திட்டக்கோப்பு:

தடுப்பூசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டு இருக்கின்றன. ஆர்டிஎஸ்,எஸ் 2021 அக்டோபரில் பரிந்துரைக்கப்பட்டது, ஆர்21 அதற்குச் சரியாக இரண்டு வருடம் கழித்து. கானா, கென்யா, மலாவியில் 2019-இலிருந்து ஆர்டிஎஸ்,எஸ்-ஐப் போட்டுப் பார்த்ததில் தடுப்பூசி வயதுக் குழந்தைகளின் மொத்தச் சாவே நூற்றுக்கு 13 அளவில் குறைந்தது. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தட்டம்மை ஊசி மாதிரி போட்டுவிட்டு மறந்துவிடக்கூடியது இல்லை: நாலு தவணை, காலப்போக்கில் பலன் குறையும், குழந்தையைக் காக்குமே தவிர ஊரில் பரவுவதை நிறுத்திவிடாது. நாலாவது தவணைக்குக் குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருக்கும், அந்த வயதில் வழக்கமான ஊசிகள் குறைந்துவிடுவதால் இதற்காகவே தனியாக ஒரு தடவை வர வேண்டும். வலையோடு சேர்த்து ஊசி என்றால் சரி. வலைக்குப் பதில் ஊசி என்று நிதித்துறையில் யாராவது நினைத்தால் கதை கந்தல்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் நான் பார்த்ததெல்லாம் கோப்பும் பட்ஜெட்டும்தான். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கொசு, ஒட்டுண்ணி என்று உயிரியல் சொன்னார்கள். எல்லாம் சரி. ஆனால் மலேரியா திரும்பி வந்த வரலாற்றைப் புரட்டினால் முதல் குற்றவாளி அது இல்லை. 1930-களிலிருந்து 61 நாடுகளில் நடந்த 75 மீள்எழுச்சிகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் 68-க்குக் காரணங்களில் ஒன்று, கட்டுப்பாட்டுத் திட்டம் தளர்ந்துபோனது. அந்தத் தளர்ச்சிக்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணம் பணம் நின்றது.

இலங்கையைப் பாருங்கள். 1963-இல் நாடு முழுக்கப் பதிவானது 17 மலேரியா. பதினேழு! வேலை முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், ஆட்களை வேறு வேலைக்கு மாற்றினார்கள், சோதனையும் தளர்ந்தது. 1968-69-இல் பெரிய கொள்ளைநோயாக வெடித்தது, 1969-இல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல். இந்தியாவிலும் அதே வடிவம்: 1960-களின் நடுவில் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கிய நோய் 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டியது.

நிதி அதிகாரியின் மேசையில் உட்கார்ந்து யோசியுங்கள். கடந்த ஆண்டு இவ்வளவு கோடி செலவு, மலேரியா 17. இந்த ஆண்டும் அதே பணம் கேட்டு ஒரு கோப்பு. பக்கத்தில் இன்னொரு கோப்பு, வேறு ஏதோ நோயில் குழந்தைகள் சாகின்றன. அவர் கெட்டவர் இல்லை, எதில் கையெழுத்துப் போடுவார்? கட்டுப்பாடு வெற்றி பெறப் பெற அதற்குப் பணம் கேட்கிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது, ஆனால் கொசு அதே இடத்தில்தான் இருக்கிறது, மக்களின் எதிர்ப்புச் சக்தியோ இதற்குள் போய்விட்டது. அதனால் திரும்ப வரும்போது முன்பைவிட மோசமாக வரும்.

2015 கேள்விக்கு வருகிறேன். 2000-க்குப் பிறகு கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு வெளிப் பணம், குறிப்பாக 2002-இல் தொடங்கிய குளோபல் ஃபண்ட் என்கிற சர்வதேச நிதியும் 2005-இல் வந்த அமெரிக்காவின் மலேரியாத் திட்டமும். அந்தப் பணத்தில்தான் கோடிக்கணக்கான வலை போனது. அப்புறம் பணம் தேங்கிவிட்டது, மக்கள்தொகை தேங்கவில்லை. 2023-இல் தேவை என்று கணக்கிட்டது 830 கோடி டாலர், கிடைத்தது 400 கோடி. பாதிகூட இல்லை. அந்தப் பாதியும் இன்னொரு நாட்டின் தேர்தலை நம்பி நிற்கிறது: 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்திவைத்தபோது என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம். வலை கப்பலில் இருக்கும், இறக்கி விநியோகிக்கப் பணம் இருக்காது. மலேரியா ஒரு மழைக்காலம் பொறுத்திருக்காது.

எதிர்ப்புத்திறனும் சேர்ந்துகொண்டது, போரும் இடப்பெயர்வும் சேர்ந்துகொண்டன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையில் நான் முதலில் வைப்பது பணத்தின் சீரின்மையைத்தான். அளவைவிட சீர் முக்கியம்.

புகைவண்டு:

திட்டக்கோப்பு சாருடன் முக்கால்வாசி உடன்படுகிறேன். ஆனால் பணம் சீராக வந்தாலும் கொசு மாறினால் என்ன செய்வது? அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்று ஒன்று, தெற்காசியாவுக்கும் அரேபியாவுக்கும் உரியது. வயல், குட்டை என்று தேடாமல் கிணறு, மாடித் தொட்டி, கட்டுமான இடத்துச் சிமெண்ட் தொட்டி என்று நகரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற கொசு. 2012-இல் அது ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த வருடம் அங்கே மலேரியா 27. 2020-இல் 70 ஆயிரத்துக்கும் மேல். ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோய், நகரம் ஓரளவு தப்பித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கே இனி செல்லாமல் போகலாம். அந்தக் கொசுவுக்கு வலையும் சுவர் மருந்தும் மட்டும் போதாது, ஒவ்வொரு தொட்டியாக மூடி போட்டுக்கொண்டு போக வேண்டும். அது சுகாதாரத் துறையின் வேலையே இல்லை, நகராட்சி வேலை. இரண்டு துறைக்கும் நடுவில் கோப்பு எப்படி நகரும் என்று உங்களுக்கே தெரியும்.

திட்டக்கோப்பு:

தெரியும், நன்றாகவே தெரியும். தண்ணீர் தினமும் குழாயில் வந்தால் யாரும் தொட்டியில் சேர்த்துவைக்க மாட்டார்கள், அது மூன்றாவது துறை.

கதிரொளி:

கடைசியாக ஒன்று. இலங்கை அதற்கப்புறம் ஒழித்துவிட்டது, சீனாவும் ஒழித்துவிட்டது என்று படித்தேன். அவர்கள் செய்ததை மற்றவர்கள் அப்படியே எடுத்துச் செய்ய முடியாதா? சீனாவின் "1-3-7" பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ஜீம்சா:

தம்பி, 1-3-7 என்பது: மலேரியா என்று உறுதியானால் 1 நாளுக்குள் மேலே தகவல் போக வேண்டும், 3 நாளுக்குள் அந்த நோயாளி எங்கே கடிபட்டார் என்று விசாரித்து முடிக்க வேண்டும், 7 நாளுக்குள் அந்த இடத்தில் சோதனை, மருந்தடிப்பு எல்லாம் நடந்துவிட வேண்டும். அழகான முறை. ஒரு மாவட்டத்தில் மாதத்துக்கு நாலு நோயாளி என்றால் செய்யலாம். நாலாயிரம் என்றால் விசாரிக்கப் போகிறவரே அடுத்த நோயாளியாகிவிடுவார். அதிகம் பரவுகிற நாட்டில் முதலில் வலை, மருந்து, சோதனை என்று பரவலாகச் செய்து எண்ணிக்கையைக் கீழே கொண்டுவர வேண்டும், அப்புறம்தான் ஒவ்வொருவராகத் துரத்துவது. வரிசை மாறினால் இரண்டும் நடக்காது.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். தொடர்ந்து மூன்று வருடம் பூஜ்யம் காட்டினால்தான் சான்றிதழ், 2016 செப்டம்பரில் கிடைத்தது. 1963-க்கும் இதற்கும் வித்தியாசம், இந்தத் தடவை வேலையை நிறுத்தவில்லை. மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள், அமைதிப்படைக்குப் போகிற சிப்பாய் உட்பட. திரும்பி வருகிறவருக்குக் காய்ச்சல் என்றால் தேடிப்போய் ரத்தம் எடுக்கிறார்கள். இதில் புதுச் சிக்கல் என்னவென்றால் இளம் டாக்டர்கள் மலேரியாவைப் பார்த்ததே இல்லை. காய்ச்சல் என்றதும் டெங்குவுக்கு ரத்தம் அனுப்புவார்கள், அது இல்லை என்று வந்து, இன்னும் சிலவற்றைப் பார்த்து, கடைசியில்தான் "எங்காவது வெளிநாடு போனீர்களா" என்று கேட்பார்கள். ஃபால்சிபாரத்துக்கு அத்தனை நாள் கொடுக்க முடியாது. ஸ்லைடு பார்க்கிறவர்களுக்கும் அதே நிலைதான், வருடம் முழுக்க இல்லை இல்லை என்றே எழுதிக்கொண்டிருப்பவருக்குக் கண் பழக்கம் விட்டுப்போகும், அதனால் இடையிடையே அவருக்குத் தெரியாமல் ஒட்டுண்ணி உள்ள ஸ்லைடைக் கலந்து அனுப்பிச் சோதிக்க வேண்டியிருக்கிறது.